கமருஸ்ஸமானின் கடைசிக் கோடு

ரேடியோவில் வழக்கமான இரைச்சல்கூட இல்லை. லூர்துபிரகாஷை முதலில் உறுத்தியது அதுதான். சூரியனில் ஏதோ வெடித்து அயனி மண்டலமே கலங்கிப்போயிருந்தது. தூரத்துச் சத்தத்தையெல்லாம் வானம் விழுங்கிவிட்டது. இப்படிப்பட்ட சாயங்காலத்தில் இந்தத் தாழ்ந்த அலைவரிசையில் ஏதாவது கேட்டால், அது தரையோடு தவழ்ந்து வரும் பக்கத்து ஊர்ச் சத்தமாகத்தான் இருக்கவேண்டும்.

உழவர்கரை கமருஸ்ஸமான் பாய் இருந்தவரை, இந்த மூலக்குளத்து மாடியறையிலிருந்து லூர்துபிரகாஷ் அவரோடு புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டி வம்பளப்பான். பாயின் தட்டலைத் தனியாக அடையாளம் தெரியும். கடைசிக் கோட்டை மட்டும் இழுஇழு என்று இழுப்பார். நேற்றுதான் அவரை அடக்கம் செய்தார்கள். இவனும் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தான்.

இப்படி வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம்காரர்களிடம் ஒரு வழக்கம். இறந்தவருக்கு ரேடியோவில் பெயராக இருந்த அழைப்புக்குறியைக் கடைசியாக ஒருமுறை தட்டி, முடிவுக்குறியோடு ஓய்ந்துவிட வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினான். பாழாய்ப்போன பழக்கம்! முடிவுக்குறிக்குப் பதில், எதிராளியைப் பேசச் சொல்லிக் கூப்பிடும் குறியை விரல் தட்டிவிட்டது.

பதில் வந்தது. மெல்ல, கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டு.

வரேன்.

"எவன்டா பாய் செட்ல வெளையாட்றது?" என்று கத்தினான். கத்திய பிறகுதான் உறைத்தது. பாயின் ரேடியோ செட்டை அவர் மகன் ஸைத் காலையிலேயே கொண்டுவந்து இவன் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

சிக்னல் முள் ஏறியது. ஏறுகிறதென்றால் நெருங்குகிறது. ஐயோ, கீழே பெண்டாட்டி ரூபி தனியாக இருக்கிறாளே!

முடிவுக்குறியைத் தட்டினான். முள் நிற்கவில்லை. மறுபடி தட்டினான். குறி குழம்பியது. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினான். முள் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"ரூபி! கதவத் தொறக்காத!"

"இருங்க, யாரோ தட்டிகினே இருக்காங்க. பாத்துட்டு வரேன்."

தாழ்ப்பாள் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ரேடியோவும் அடங்கிப்போனது.

"ரூபி?"

மாடிப்படியின் இரும்புக் கம்பியில் மோதிரம் பட்டது. டக். இன்னொரு டக். மோர்ஸில் ஒரு எழுத்துகூடத் தெரியாது ரூபிக்கு.

ஈர மண் வாசனை முதலில் வந்தது. பிறகு தலை. பிறகு தோள். கடைசிப் படியில் நின்றாள், அவனைப் பார்க்காமல். இடது கை கம்பியில் அதே கூப்பிடும் குறியைத் தட்டியது, கடைசிக் கோட்டை இழுஇழு என்று இழுத்து.

வலது கையில் ஒரு பிடி மண்.