பின் இருக்கையையும் சேர்த்து

அவன் வண்டியை ஷோரூம் வாசலில் நிறுத்தியபோது கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்றிருந்த ஐந்து விற்பனையாளர்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அவனைப் பார்க்கவில்லை. பின் இருக்கையைப் பார்த்தார்கள்.

பின் இருக்கையில் அவனுடைய அப்பா இருந்தார். கட்டுப் போட்ட இடது காலை இருக்கையின் மேல் நீட்டி, கதவில் முதுகைச் சாய்த்திருந்தார். எழுபத்து நான்கு வயது. முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டர். காலில் சர்க்கரைப் புண். ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றியாக வேண்டும்; ஐந்துக்கு மேல் நர்ஸ் இருக்கமாட்டாள். ஒரு நாள் தவறினாலும் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மணி மூன்றரை.

"நீ போய்ப் பாத்துட்டு வாடா," என்றார் அப்பா. "அவனுங்க வழியறதை எல்லாம் என்னால பாக்க முடியாது."

"பத்து நிமிஷம்பா."

"பேரம் பேசப் போறவன் பேசற பேச்சா இது. பத்து நிமிஷமாம்."

ஜன்னல் கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டு அவன் உள்ளே போனான்.

அரசாங்கத்தில் அவன் வேலை தராசுகளைச் சோதிப்பது. காய்கறிக் கடை, நகைக் கடை, எண்ணெய்க் கடை. சாதாரண ஆள் போலப் போவான். சாமான் வாங்குவான், பணம் கொடுப்பான், பில் வாங்குவான். பில் கைக்கு வந்த பிறகுதான் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டை வெளியே வரும். அதற்கு முன் வாயைத் திறந்தால் கடைக்காரன் தப்பித்துவிடுவான். குற்றம் முடியும்வரை விட வேண்டும். பதினெட்டு வருடத்தில் ஒருவனும் தப்பியதில்லை. விற்கிறவர்கள் எல்லாரும் அவனுக்கு ஒன்றுதான். குனிகிற முதுகு, நீளுகிற கை.

கதவு தானாகத் திறந்தது. ரப்பரும் பாலிஷும் ஏதோ ஒரு பூவின் பெயரைச் சொல்லி விற்கிற வாசனைத் திரவியமும் கலந்த குளிர் மூக்கில் ஏறி அண்ணத்தில் படிந்தது; தரை அவ்வளவு பளபளப்பாக இருந்ததால் தன் பாதங்களிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இன்னொருவன் கூடவே நடந்து வருவதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை; எங்கிருந்தோ பாட்டு இல்லாத இசை ஒன்று, முடிவதற்கு முன்பே தொடங்கிய இடத்திற்குத் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஐவரில் ஒருவன் முன்னால் வந்தான். வாயெல்லாம் பல். அந்த நொடியே அவனுக்குப் பல்லழகன் என்று மனதிற்குள் பெயர் வைத்தாகிவிட்டது.

"வாங்க சார். அப்பாவா?"

"யாரு?"

"வண்டில இருக்கறவர்."

"நான் வண்டி வாங்க வந்திருக்கேன். சம்பந்தம் பேச வரலை."

"கண்டிப்பா சார்," என்றான் பல்லழகன், அது ஒரு பாராட்டு என்பது போல.

பிறகு ஒப்பித்தல் தொடங்கியது. இந்த நிறம் உங்களுக்காகவே வந்தது சார். இதில் உட்கார்ந்தால் இறங்க மனசு வராது சார். நேற்றுகூட ஒருவர் கேட்டார், உங்களைப் போல ஒருவருக்குத்தான் தர வேண்டும் என்று நிறுத்தி வைத்தேன் சார். கிளிக்காவது நடுவில் பழம் கொடுக்க வேண்டும். இவனுக்கு அதுவும் வேண்டாம். அவன் கேட்டுக்கொண்டே நடந்தான். ஒரு வெள்ளை வண்டியின் முன் நின்றான். பிடித்திருந்தது. முகத்தில் காட்டவில்லை.

"பழைய வண்டிய எங்களுக்கே குடுத்துடறீங்களா சார்? சாவி குடுத்தா பாத்து விலை சொல்லிடுவோம்."

சாவியைக் கொடுத்தான். சாம்பல் நிறச் சீருடைக்காரன் ஒருவன் அதை வாங்கிக்கொண்டு வெளியே போனான். வண்டி கிளம்பியது. பின்கண்ணாடியில் அப்பாவின் நரைத்த தலை கட்டடத்தின் மூலையில் திரும்பி மறைந்தது.

"அவர் உள்ள இருக்கார்."

"இருக்கட்டும் சார். ஏசி போட்டுருவாங்க."

ஹாலின் கோடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே மேனேஜர். சுழல் நாற்காலியின் மேல் அவருடைய பின்னந்தலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு விலைக்கும் பல்லழகன் அங்கே போய்க் கைகட்டி நின்றான். பின்னந்தலை அசையவில்லை. ஆனாலும் பல்லழகன் தலையாட்டினான், இரண்டு முறை சிரித்தான், ஒரு துண்டுக் காகிதத்தோடு திரும்பி வந்தான். பழைய நாடகம். மேலே கேட்டுட்டு வரேன் சார். மேலே யாரும் இருக்கமாட்டார்கள்.

காகிதத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து அவன் சிரித்தான்.

"இது ஒரு டயருக்கா, நாலுக்குமா?"

"மேனேஜர் உங்களுக்காக ஏத்திக் குடுத்தது சார்."

"உங்க மேனேஜரைத் திரும்பி உக்காந்து எழுதச் சொல்லுங்க. செவுத்தைப் பாத்து எழுதினா இப்படித்தான் வரும்."

இரண்டாவது காகிதம். மூன்றாவது. எல்லாம் அற்பம். மணி நான்கைத் தாண்டிவிட்டது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஒரு பல்லிளிப்பவனிடம் தோற்றுவிட்டு எழுந்து போவது அவனுக்குப் பழக்கமில்லை.

"வண்டிக்கு இதுதான் விலையா? சரி. உள்ள எங்கப்பா உக்காந்திருக்காரே, அவரையும் சேர்த்துச் சொல்லுங்க. அப்பவாவது மரியாதையா ஒரு விலை வருதா பாப்போம்."

பல்லழகனின் உதடுகள் மூடிக்கொண்டன. வந்ததிலிருந்து முதல் முறையாக.

"அப்பாவையும் சேர்த்தா சார்?"

"ஏன், காது கேக்கலியா?"

"ஒரு நிமிஷம் சார்."

இசை நின்றுவிட்டது. அது எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே குழல் விளக்கின் ரீங்காரமும், எங்கோ சுவருக்கு அப்பால் தண்ணீர் பீச்சியடிக்கிற சத்தமும், அதன் நடுவே தகரத்தின் மேல் ஈரத்துணியை இழுத்து இழுத்துத் துடைப்பது போன்ற கீச்சொலியும் கேட்டன. மற்ற நால்வரும் தங்கள் மேஜைகளிலிருந்து எழுந்து நின்றிருந்தார்கள். கண்ணாடி அறையில் நாற்காலி மெதுவாகச் சுழன்றது. அவன் சட்டென்று குனிந்து ஷூ நாடாவைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது மறுபடியும் பின்னந்தலை.

பல்லழகன் ஒரு படிவத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கார் சார்?"

விளையாட்டு. ஆழம் பார்க்கிறான். முதலில் கண்ணைத் தாழ்த்துகிறவன் தோற்பான்.

"நான் பொறந்ததுலேர்ந்து."

"அப்போ சிங்கிள் ஓனர்." எழுதிக்கொண்டான். "ராத்திரில சத்தம் உண்டா?"

"இருமுவார்."

"கால்?"

"ஆறிக்கிட்டு வருது."

பொய். அது அவனைக் கேட்காமலே வந்து விழுந்தது. பதினெட்டு வருடமாக எத்தனையோ கடைக்காரர்களின் வாயில் கேட்ட அதே குரல்.

பல்லழகன் காகிதத்தை அவன் பக்கம் திருப்பினான். விலை இரண்டரை மடங்காகியிருந்தது. அவன் பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணினான். அவனுக்கே வெட்கமாக, சின்னதாக ஒரு சந்தோஷம்.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தான். எதையும் மறைக்கவில்லை. கார், ஒன்று. ஆண், ஒன்று, வயது எழுபத்து நான்கு, இடது காலில் புண், ஆறி வருவதாக உரிமையாளர் தகவல். அச்சடித்த படிவம். ஆணா பெண்ணா என்று டிக் செய்ய இரண்டு கட்டங்கள் இருந்தன.

முட்டாள்கள். எழுத்தில் கொடுக்கிறார்கள். இதைவிட நல்ல வழக்கு அவன் வாழ்நாளில் கிடைக்காது. முதலில் வியாபாரம் முடியட்டும். பில் கைக்கு வரட்டும். பிறகு அட்டை.

கையெழுத்துப் போட்டான்.

காசோலை வந்தது. முத்திரை குத்திய நகல் வந்தது. இரண்டையும் மடித்து வைத்துக்கொண்டு அடையாள அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தான். இந்த நொடியில் எல்லாக் கடைக்காரர்களின் முகமும் ஒரே மாதிரி சாம்பல் பூக்கும்.

பல்லழகன் அட்டையை இரண்டு கையாலும் எடுத்துப் படித்தான். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"எதாவது குறையுதா சார்?"

"என்னது?"

"எழுதினதுல எதாவது குறையுதா? கூட இருக்கா? நாங்க எழுதினபடிதான் எடுத்திருக்கோம். நீங்களே சோதிச்சுப் பாருங்க."

அவன் நகலை விரித்து மறுபடி படித்தான். எதுவும் குறையவில்லை. அளவு சரி. விவரம் சரி. பொய் ஒன்றுதான். அதைச் சொன்னது அவன்.

"விளையாட்டு போதும். எங்கப்பாவைக் கூப்பிடுங்க. அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரி போகணும்."

"அதெல்லாம் இனிமே எங்க பொறுப்பு சார். நீங்க ஏன் அலையறீங்க?"

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே கால்.

எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. வழிகூட விட்டார்கள். ஹாலின் பின்னால் ஒரு நடை. ஈரத் தரை. சோப்பு நுரை. மாட்டி வைத்த சீப்புகள். ஷேவிங் பிரஷ்கள். வரிசையாக. ஒரு கூடை நிறைய வெட்டியெடுத்த பழைய கட்டுத்துணி. தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. கடைசியில் ஒரு கம்பி வலைக் கதவு. பூட்டியிருந்தது.

அந்தப் பக்கம் முற்றம். மாலை வெயில். கழுவித் துடைத்த பழைய வண்டிகள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் பின் இருக்கையிலும் ஒரு தலை. வழுக்கை. கொண்டை. ஒன்றில் இரண்டு தலைகள், தோளோடு தோள். எல்லாம் நேராக. எல்லாம் முன்னால் பார்த்தபடி.

மூன்றாவது வரிசையில் அவன் வண்டி.

பின்கதவு திறந்திருந்தது. அப்பா வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்திருந்தது. முடி படிய வாரியிருந்தது. எதிரே ஒரு இளம் கணவனும் மனைவியும். கணவன் வண்டியின் கூரையை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். அப்புறம் அப்பாவின் மார்பைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான்.

"அப்பா."

அப்பா திரும்பினார். புருவத்தை உயர்த்தி, மரியாதையாக.

"சொல்லுங்க சார்," என்றார்.

கம்பியைப் பிடித்து உலுக்கினான். பல்லழகன் பக்கத்தில் வந்து நின்றது வாசனையில் தெரிந்தது.

"அது வாங்கறவங்க பக்கம் சார். நீங்க வித்தவர்."

"நான் திருப்பி வாங்கிக்கறேன். இந்தா காசோலை. எவ்வளவு வேணாலும் எழுதிக்கோ."

"அவங்க பாத்துக்கிட்டிருக்காங்களே சார். அவங்க வேணாம்னு சொன்னா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்."

கணவன் குனிந்து புதுக் கட்டின் மேல் கட்டைவிரலை அழுத்தினான். நன்றாக அழுத்தினான். அப்பா முகம் சுளிக்கவில்லை. "ஆறிக்கிட்டு வருது சார்," என்றார், தெளிவான குரலில்.

"ஓட்டம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றான் கணவன் மனைவியிடம். "ஆனா ஒரே கைல இருந்திருக்கு."

"என்ன போட்டிருக்கான்?"

"நீயே பாரு. கழுத்துல இருக்கு."

விலையைக் கேட்கக் காது நீண்டது. தன்னை எவ்வளவுக்கு ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள. அது நீண்டதை அவன் உணர்ந்தான். கத்த வேண்டும். அதற்குப் பதில் கம்பியில் காதை அழுத்தினான்.

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். ஒற்றை விரலால் அப்பாவின் மோவாயை உயர்த்தி, அதற்குக் கீழே நூலில் தொங்கிய அட்டையைப் படித்தாள்.

அவள் விரலை எடுத்த பிறகும் அப்பா தலையை நிமிர்த்தியே வைத்திருந்தார், அவள் படித்து முடிக்கும்வரை.