காயாத சீட்

சீட் மறுபடியும் நனைந்திருந்தது.

மனோகரன் கையை எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தான். தண்ணீர் என்றால் இப்படி வழுக்காது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லிசாக நூல் விட்டது. மோந்து பார்த்தவன் சீ என்று கையை லுங்கியில் துடைத்தான். துடைத்த பிறகு அந்த லுங்கியைக் கட்டியிருக்கவே பிடிக்கவில்லை. நாள்கணக்கில் கழுவாமல் மூடிவைத்த பால் சட்டியின் வாடை, அதற்கடியில் பெட்ரோல், அதற்கும் அடியில் கறிக்கடைப் பலகையின் கவுச்சி. இடது பக்கத்து சீட்டின் முதுகில், உட்காருகிறவரின் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். அதை ஒட்டியே இன்னொன்று.

ஐப்பசி மழை ஷெட்டின் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. அண்ணனூர் பணிமனைக்குள் மின்சார ரயில் ஒன்று இரும்பை அரைத்துக்கொண்டு நுழைந்தது. கூரை ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தான். பழைய இரண்டு கதவு ஹெரால்ட் கார் அது. கூரையை அவனே வெட்டித் தாழ்த்தி, பின்பக்கம் சரிவாக இழுத்துப் பற்றவைத்து, பந்தயக் காராக மாற்றியிருந்தான். டார்ச் அடித்து, பற்றவைத்த தழும்பு முழுவதையும் விரலால் தடவினான். எலும்பு போலக் காய்ந்திருந்தது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் பேர் சொல்கிற பிட்டர் அவன். அவன் பற்றவைத்த இடத்தில் எறும்புகூட நுழைய முடியாது.

"பந்தயத்துக்குப் போறியா மாமே, பொண்டாட்டிய ஏத்திகினு போறியா?" என்று கூட வேலை செய்யும் வேம்புலி கிண்டல் செய்வான். மனோகரன் சிரித்து வைப்பான். முதல் பிள்ளை போனது ஆட்டோவில். இப்படித்தான் ஒரு மழை நாள், குண்டும் குழியுமான ரோடு, நடுவழியில் நின்றுபோன வண்டி. மனைவி பத்மா அவன் சட்டையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை அசையவில்லை. அடுத்த பிள்ளை சொந்தக் காரில்தான் வீட்டுக்கு வரும், அந்தக் கார் எதற்காகவும் நடுவழியில் நிற்காது என்று அன்றைக்கு அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் அவன்.

அதற்காகத்தான் கரையான்சாவடியில் நிஜாமுதீனின் பழைய இரும்புக் கடைக்கு நடையாய் நடந்தான். அங்கே அதே மாடல் வண்டி ஒன்று மூக்கு நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்து இன்ஜின், இரட்டை கார்புரேட்டர், பிரேக் என்று ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தான். கடைசியாக, முதுகைக் கவிந்து பிடிக்கும் அந்தப் பந்தய சீட். மூக்கு எப்படி நசுங்கியது என்று அவன் கேட்கவில்லை. அடிபட்ட வண்டியில் பாகம் எடுக்கிற எவனும் அதைக் கேட்பதில்லை.

"கிட்ட வராதீங்க," என்றாள் பத்மா, வாசற்படியிலேயே. அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. "மேலெல்லாம் புளிச்ச பாலு நாத்தம்."

"கிரீஸ் வாடைமா."

"கிரீஸு எனக்குத் தெரியாதா இன்னா? இது வேற. கொமட்டுது."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தட்டில் கைவைத்த அவனுக்கும் தயிர் இறங்கவில்லை.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்ததும் பிளேடை எடுத்து சீட்டின் முதுகைக் கிழித்தான். உள்ளே தேங்காய் நாரும் பஞ்சும் இருக்க வேண்டும். இருந்தன. ஆனால் நாருக்கு நார் வெள்ளையாகத் திரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, உறையாமல் கெட்டுப்போன தயிர் போல, கட்டி கட்டியாக. பிடுங்கினால் நீளமாக இழுத்துக்கொண்டு வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. மழைக்காலத்தில், வெயில் படாத ஷெட்டில், உடம்புச் சூட்டில் இருந்தது. ஓர் ஈ வந்து உட்கார்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. மனோகரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வாரி எடுத்தான். எங்கே கொட்டுவது? வெளியே முழங்கால் தண்ணீர். கொல்லைத் தாழ்வாரத்தில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாரியதை அதற்குள் திணித்தான்.

அது சுரீர் என்று சீறிப் பொங்கியது. நுரை தள்ளி அடுப்பு வாயிலிருந்து வழிந்தது. பிறகு கருகியது.

"பாலு பொங்கிடுச்சா?" உள்ளேயிருந்து பத்மா கேட்டாள். சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "அடுப்புல ஒண்ணியும் இல்லியே. எங்கேந்து வருது வாடை?" சொல்லிக்கொண்டே, என்னவோ சுருக்கென்றது போல, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

அவன் வழிந்ததைச் சாம்பலால் மூடினான். புது நார் வாங்கி அடைத்து, அதே ரெக்சினை இழுத்துத் தார்ப்பாய் நூலால் தைத்தான். பந்தய வண்டியின் அதிர்வில் ஆடக் கூடாது என்று சீட்டின் போல்ட்டுகளைத் தொழிற்சாலை வழக்கப்படி தரையோடு பற்றவைத்து, பற்றவைக்க இரவல் வாங்கிய கேஸ் சிலிண்டரை வேம்புலிக்குத் திருப்பிக் கொடுத்தான்.

பத்மாவுக்கு அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம், நல்ல குரல். அந்தக் குரல்தான் நிற்கவே இல்லை. பத்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. ஒரு சொட்டும் இல்லை. புட்டிப் பாலைக் கொடுத்தால் பிள்ளை துப்பியது. பக்கத்துக் கட்டில்காரி இரக்கப்பட்டு மாரில் வைத்துப் பார்த்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கத்திக் கத்தி உதடு வெடித்து, உச்சிக்குழி உள்ளே இறங்கத் தொடங்கியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கொடுத்துப் பாருங்கள், ராத்திரிக்குள் குடிக்காவிட்டால் ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும், அதற்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார் டாக்டரம்மா.

மாமியார் பார்வதம் அவனைத் தனியாக வராந்தாவுக்கு இழுத்தாள். "தாய்ப்பாலு நெருப்புல பட்டாதான் இப்டி மாரு வத்தும், மாப்ள. காலம்பற பீச்சின பாலகூட செடி மூட்டுலதான் ஊத்துவோம். இவளுக்கு இன்னும் சொரக்கவே இல்ல. எந்தப் பாலு எங்க போய் நெருப்புல வியுந்துச்சு?"

மனோகரனுக்கு வாயெல்லாம் கருகிய வாடை வந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் போய்த் துப்பினான்.

அங்கிருந்து நேராகக் கரையான்சாவடிக்குப் போனான். நிஜாமுதீன் கடை வாசலில் பழைய ரேடியேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"சீட்டு காஞ்சிச்சா, அண்ணாத்தே?"

"உனுக்குத் தெரியுமா?"

"ரெண்டு கோடை மொட்டை மாடில போட்டு வெச்சேன். காயல. ஒய்கிகினே கீது. இத்த எங்கனா மண்ணுல பொதைச்சிடுன்னு எங்க ஊட்ல ஜமீலா சொல்லிகினே இருந்துச்சு. நீ வந்து கேட்ட, குட்த்துட்டேன். தப்புதான்."

"யாரு வண்டி அது?"

நிஜாமுதீன் கைத்துணியால் விரல் விரலாகத் துடைத்தான். "பெங்களூர் ரோட்ல லாரில மோதிச்சு. கைக்கொயந்தை தெறிச்சுப் போய் வெளிய வியுந்துட்ச்சு. ஆத்தாக்காரி சீட்ல மாட்டிகினா. விடிய விடிய உயிரு இருந்துச்சாம். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியாம். பாலு கட்டிகிச்சு, புள்ளைய குடு, புள்ளைய குடுன்னு..." அவன் துணியைக் கீழே போட்டான். "மண்ணுல போட்டுடு, நைனா."

வீட்டுக்கு ஓடி வந்தான். ஸ்பானர் போட்டான். போல்ட் அசையவில்லை, அவனே பற்றவைத்தது அல்லவா. கடப்பாறையை அடியில் கொடுத்து நெம்பினான். சீட் முனகியது. ஸ்பிரிங் சத்தம்தான், ஸ்பிரிங் சத்தம்தான் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை நெம்பினான். தையல் பிரிந்த இடத்திலிருந்து வெதுவெதுப்பாக ஒரு பீச்சல் வந்து அவன் முகத்தில் அடித்தது. உதட்டில் பட்டது. நாக்கிலும்.

இனித்தது. அதுதான் அவனைக் குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுக்க வைத்தது.

சாயங்காலம் அவன் பெயராத அந்த சீட் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் போர்வையை மடித்துப் போட்டுத்தான் காரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனான். பார்வதம் ஆரத்தி கரைக்கவும், எழும்பூருக்குப் போக நேர்ந்தால் துணிமணி எடுத்து வைக்கவும் ரயிலில் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆட்டோவில் போகலாம் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஆட்டோ என்ற சொல்லைக் கேட்டதும் பத்மாவின் கண் நிறைந்தது.

"சத்தியம் பண்ணீங்களே," என்றாள்.

அவளைப் பின்னால் உட்கார வைக்க முடியாது. கூரையைத் தாழ்த்தியதில் பின்பக்கம் ஆள் குனிந்துகூட உட்கார இடமில்லை. தையல் போட்ட உடம்பு வேறு. பத்மா இடது பக்கம் ஏறி, பிள்ளையை மடியில் வைத்து, மெல்லச் சாய்ந்தாள்.

"கதகதப்பா கீது," என்றாள்.

இன்ஜின் ஒரே சாவியில் பிடித்தது. அத்தனை மழையிலும் ஒரு திக்கல் இல்லை, ஓர் இருமல் இல்லை. திருமுல்லைவாயில் வரைக்கும் பிள்ளை கத்திக்கொண்டே வந்தது. தொண்டை கிழிந்த, தேய்ந்த கத்தல். மனோகரன் கண்ணாடியில் வழியும் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினான். வாடை ஏறிக்கொண்டே வந்தது. கண்ணாடியை இறக்கினான். போகவில்லை. சட்டைக் காலரைப் பல்லில் கடித்துக்கொண்டான். அதிலும் இருந்தது.

அண்ணனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினான்.

அப்போதுதான் தெரிந்தது. அழுகை நின்றிருந்தது.

இருட்டில் ஒரு சத்தம். சப், சப். நிதானமாக, ஆசையாக, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு.

"பாலு வந்துடுச்சுங்க," என்றாள் பத்மா. கண் மூடியிருந்தது. குரல் தூக்கத்திலிருந்து வந்தது. "குடிக்குது பாருங்க."

அவனுக்குக் கண்ணீர் வந்தது. முருகா என்று ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான்.

ரயில் வந்தது. ஜன்னல் வெளிச்சம் கட்டம் கட்டமாகக் காருக்குள் விழுந்து ஓடியது. திரும்பிப் பார்த்தான்.

பத்மா கதவுப் பக்கம் சாய்ந்திருந்தாள். ரவிக்கை ஊக்கு போட்டபடி இருந்தது. சேலை மடிப்பு கலையவில்லை. காய்ந்திருந்தது.

இருட்டு. வெளிச்சம்.

போர்வை சரிந்திருந்தது. பிளாஸ்டிக் தாள் சுருண்டு கீழே கிடந்தது. பிள்ளை அவள் வலது கையில். முகம் அவள் பக்கம் இல்லை. சீட்டின் முதுகுப் பக்கம்.

இருட்டு. வெளிச்சம்.

தையல் பிரிந்த இடத்தில் ரெக்சின் கறுத்து, சுருங்கி, ஈரமாகப் புடைத்து நின்றது. அது பிள்ளையின் வாய்க்குள் இருந்தது. தாடையில் வெள்ளையாக வழிந்தது. வெடித்த உதடு நனைந்து சிவந்திருந்தது. பிஞ்சு விரல்கள் ரெக்சினைத் தட்டித் தட்டிக் கொடுத்தன.

கை நீட்டினான். பிள்ளையின் தலையைப் பிடித்து இழுத்தான். பச்சக் என்ற சத்தத்தோடு வாய் பிரிந்தது. பிள்ளை கத்தியது. அந்தப் பழைய, கிழிந்த, பசித்த கத்தல்.

"ஏன் எடுக்கிறீங்க?" என்றாள் பத்மா, கண்ணைத் திறக்காமல். "பசிக்குது இல்ல, பாவம்."

கேட் தூக்கியாகிவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பிள்ளையின் உச்சிக்குழி துடித்தது, உள்ளே இறங்கியது, துடித்தது. மனோகரன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு தலையை மெல்லத் திருப்பி, பிள்ளையைப் பழைய இடத்திலேயே வைத்தான்.

சப், சப்.

சீட்டின் இரண்டு ஓரமும் மெதுவாக உள்பக்கம் மடிந்து பத்மாவையும் பிள்ளையையும் சேர்த்து அணைத்துக்கொண்டன. பிள்ளை குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ரெக்சினில் இன்னொரு ஈரம் கிளம்பி, சொட்டத் தொடங்கியது.