நாலாவது பதில்

மனோரமா எழுதிய கணித மாதிரியில் மூன்று கணினிகள்தான் இருந்தன. திரையில் நான்கு ஓடிக்கொண்டிருந்தன.

ரேணிகுண்டாவில் தகடு நசுக்கும் அந்தப் பெரிய பிரஸ்ஸைச் சுற்றி மூன்று கணினிகள். மூன்றும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி, "உள்ளே ஆளில்லை, காலி" என்று ஒத்துக்கொண்டால்தான் பிரஸ் இறங்கும். செய்திகள் எந்த வரிசையில் வந்தாலும், எவ்வளவு தாமதமானாலும், ஆள் உள்ளே இருக்கையில் அது இறங்காது என்று நிரூபிக்கத்தான் பெங்களூர் கம்பெனி அவளை அனுப்பியிருந்தது. தொண்ணூற்றெட்டில் அந்த வேலை கிடைத்தபோது, சத்தியவேடு பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா வேதாச்சலம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இப்போது அவருக்கும் இதே பிரஸ்ஸில் வேலை. சேர்த்துவிட்டவள் அவள்தான்.

அந்த மாதிரியில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்த சோதனை நிரல், கருகிய எண்ணெய் வாடையும் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் தகரக் கூரையின் சடசடப்பும் மாடியறைக்கு ஏறி வந்த அந்த மதிய வேளையில், பிழை கண்டு நின்றது. அது நேரும் விதத்தைப் படிப்படியாக எழுதியது.

சைரன். மூன்றாம் கணினி அணைகிறது. அதற்குப் பதிலாக நாலாவது சொல்கிறது: காலி. பிரஸ் இறங்குகிறது.

கீழே சைரன் ஊதியது.

தற்செயல்தான் என்று நினைத்தபடி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். மூன்றாம் கணினியின் பச்சை விளக்கு அணைந்தது. பிரஸ்ஸின் அருகில், அங்கிருந்த போனை ஒட்டி அப்பா. அவள் போனைச் சுழற்றினாள்.

"நைனா, அங்கிருந்து வந்துடு!"

"இன்னாம்மா இது? இப்பத்தான நீயே போன் பண்ணி, காலியாகீது, உள்ள பூந்து தொடைன்னு சொன்ன?"

"நான் பண்ணல நைனா!"

"உன் கொரலு எனக்குத் தெரியாதா?" சிரித்தார். போனை வைத்தார். இடுப்பு வரை உள்ளே குனிந்தார்.

படிகளில் விழுந்து எழுந்து ஓடினாள். பாதியிலேயே சத்தம் கேட்டது. ஈரமான சத்தம்.

பிரஸ் எழுந்தது. இறங்கியது. எழுந்தது. அப்பாவின் கால்கள் மட்டும் வெளியே துள்ளின. சிவப்பு பட்டனை அறைந்தாள். நிற்கவில்லை. முஷ்டி கிழியும் வரை அறைந்தாள்.

ஷெட் முழுக்க எல்லாப் போன்களும் ஒன்றாக அடித்தன.

அப்பாவோடு அதே பிரஸ்ஸில் வேலை செய்யும் நாகையா, முகமெல்லாம் ரத்தம் தெறித்திருக்க, ஒன்றை எடுத்தார். அதில் பேசியது அவள் குரல்.

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"சரிம்மா," என்றார் நாகையா. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எழுந்து நின்ற பிரஸ்ஸுக்குள் மெல்லத் தலையை நீட்டினார். அவருக்குப் பின்னால், போன்களை வைத்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக வரிசையில் நின்றார்கள்.