எட்டாத முதுகு

சண்டைக் காலத்துத் துணிப் பஞ்சத்திலும் தன் சேலையைக் கிழித்துக் குழந்தையின் கைகளில் சுற்றியிருந்தாள் தங்கப்பொண்ணு. முடிச்சு அப்படியேதான் இருந்தது. ஆனால் காலையில் முதுகில் பூசிய ஊதா மருந்தை நான்கு கோடுகளாக ஏதோ வழித்தெடுத்திருந்தது. நான்கு வயது ஒச்சம்மாவின் கை அவளுடைய சொந்த முதுகுக்கே எட்டாது.

கரப்பான் புண்ணில் சீழ் பிடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி ஐந்து நாளாகிறது. மருந்துப் புட்டியை நீட்டியபோதே கம்பவுண்டர் சுப்பராமன் சொன்னார்: "சொறிய விட்டுடாதேம்மா. சீழ் ரத்தத்துல கலந்துடுத்துன்னா குழந்தை தங்காது. கையைக் கட்டிப் போட்டு, ரெண்டு வேளையும் பூசு."

மதியச் சோற்றுக்கு வந்த அவள் புருஷன் மருது கோடுகளைப் பார்த்துச் சிரித்தான். "தூக்கத்துல நீதேன் பிறாண்டியிருப்ப. போன வாரம் எம் முதுகையே உரிச்சவதானே."

"வெளாடாதய்யா. கைய வச்சுப் பாரு."

வைத்தான். மூட்டை தூக்கிக் காய்த்த அந்தப் பெரிய கையை முழுக்க விரித்தும் அவன் விரல்கள் அந்த நான்கு கோடுகளின் அகலத்துக்கு எட்டவில்லை. பாதிச் சோற்றோடு எழுந்து சிம்மக்கல் மண்டிக்குப் போய்விட்டான்.

அவள் கதவைத் தாழிட்டாள். மருந்தை மறுபடி பூசிவிட்டு, குப்புறக் கிடந்த பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வீட்டையொட்டிய மண்டியின் மிளகாய் வற்றல் நெடி மூக்கில் ஏற, ஓட்டுச் சந்து வழியே விழுந்த வெயில் ஈர ஊதாவின் மேல் மினுமினுக்க, தெருவில் போன மாட்டுவண்டியின் சத்தம் தேய்ந்து தேய்ந்து வைகைப் பக்கம் ஓய, அவள் இமை கொட்டாமல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, அரிக்குது. சொறிஞ்சு விடு."

"மாட்டேன்டி தங்கம். பொறுத்துக்க."

குழந்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. அங்கே யாரும் இல்லை.

"நீ வா," என்றது மெதுவாக.

சர்ர்.

ஊதாவில் ஒரு கோடு விழுந்தது. அவள் கண் முன்னால்.

"மேல," என்றது குழந்தை, சுகமாகக் கண்ணை மூடி.

சர்ர். இன்னொன்று. அவசரமே இல்லை. தோல் சிவந்தது. ஒரு பொட்டு ரத்தம்.

தங்கப்பொண்ணு தன் உள்ளங்கையைப் புண்ணின் மேல் பொத்தினாள். சத்தம் நின்றது.

மூச்சு விடவில்லை அவள்.

அவளுடைய சுண்டுவிரல் தானாக எழும்பியது. அடியில் ஏதோ சில்லென்று. அடுத்து மோதிர விரல். தூங்குகிறவளின் கையை எடுத்து வைப்பதுபோல, வலிக்காமல், ஒவ்வொன்றாக, அவள் விரல்களைப் பிரித்து விலக்கிக்கொண்டிருந்தது அது.

"இன்னுங் கொஞ்சம்," என்றாள் ஒச்சம்மா.