கை படாத மவுஸ்

மவுஸை யாரும் தொடவில்லை. ஆனால் திரையில் கோடு வளர்ந்துகொண்டிருந்தது.

அபிலாஷ் முதலில் சிரித்தான். கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்கள் வாங்கும் உயர்ரக மவுஸ்களைச் சோதித்து, நல்லது கெட்டது எழுதுவதுதான் அவன் தொழில். சொதப்பும் சென்சார்களை எத்தனையோ பார்த்தாயிற்று. முதல் சோதனை எப்போதும் இதுதான். மவுஸை மேஜையில் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். அது நகர்ந்தால் தடம் திரையில் கோடாக விழும். நல்ல மவுஸ் என்றால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இதுவோ புள்ளியிலிருந்து கிளம்பி, இருட்டில் யாரோ சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல நின்று நின்று போயிற்று.

வெளியே துலா மாத மழை ஓடுகளை அறைந்துகொண்டிருந்தது. பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கும் சத்தம்கூட அதற்குள் அமுங்கிப்போயிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கே தெருவில் கரண்ட் போய்விட, யூ.பி.எஸ். தயவில் கம்ப்யூட்டர் மட்டும் முன்னறையில் நீல வெளிச்சத்தைக் கசியவிட்டது. அதைத் தாண்டினால் நீண்ட இருட்டு நடை, நடையின் கடைசி அறையில் காய்ச்சலோடு உறங்கும் ஐந்து வயது வேணி, அதற்கும் பின்னால் அடுக்களை, புறவாசல். மனைவி ஸ்வப்னாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இன்று குழந்தைக்கு அவன் ஒருவன்தான் துணை.

திரையிலிருந்த அந்தக் கோட்டைப் படம் பிடித்து இணையதள ஆசிரியர் ரெஜிக்கு அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டான். மறுமுனையில் ஒரே சிரிப்பு.

"பேய் மவுஸா? நல்ல தலைப்புடே. சென்சிட்டிவிட்டிய முழுசா ஏத்திப் பாரு, கேட்டியா. பிழை இருந்தா பெருசாத் தெரியும்."

சோதனைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். மவுஸ் அடியிலிருந்த பொத்தானை அபிலாஷ் மேலே மேலே அமுக்கினான்.

கோடு நடப்பதை விட்டு ஓட்டம் பிடித்தது.

அதே நொடியில், வீட்டுக்குள் எங்கோ, சிமெண்ட் தரையில் ஈரக்கால்கள் அப்பும் சத்தம் கேட்டது. காயாமல் நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்த துணியின் நெடி, மெல்ல வந்து மூக்கில் ஏறியது. அவன் திரையை உற்றுப் பார்த்தான். கோடு நேராகப் போனது. இடப்பக்கம் சற்றே வளைந்தது. மறுபடி நேர்.

அந்த வளைவை அவனுக்குத் தெரியும். நடையில் பீரோ துருத்திக்கொண்டிருக்கும் இடம். இந்த வீட்டில் எல்லோரும் அங்கே வளைந்துதான் போவார்கள்.

புள்ளி, அவன் நாற்காலி. கோடு போகும் திசை, வேணியின் அறை.

வயர் இல்லாத அந்த மவுஸுக்காகக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியிருந்த ரிசீவரைப் பிடுங்கி எறிந்தான். கோடு நிற்கவில்லை. சென்சிட்டிவிட்டியைக் குறைக்க அமுக்கினான். குறையவில்லை. கம்ப்யூட்டரையே அணைக்கப் போன கை பாதியில் நின்றது. அணைத்தால் அது நிற்காது. இவன் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

எழுந்து ஓடினான்.

நடைக் கதவு சாத்தியிருந்தது. அவன் சாத்தவில்லை. தள்ளினான். இடித்தான். தோள் விண்ணென்று தெறித்தது. மறுபக்கம் யாரோ முதுகு கொடுத்து நிற்பதுபோல, கதவு அசையவில்லை.

உள்ளே வேணி அலறினாள்.

திரையைத் திரும்பிப் பார்த்தான். கோடு அறைக்குள் நுழைந்திருந்தது.

வேறு வழியே தெரியாமல் மேஜைக்குப் பாய்ந்து, மவுஸை இறுகப் பற்றித் தன் பக்கம் இழுத்தான். கோட்டின் நுனி துடித்தது. பின்வாங்கியது. அலறல் நின்றது.

இழுத்தான். சேற்றில் புதைந்த கல்லை இழுப்பதுபோலக் கனத்தது. அறை வாசல் தாண்டியது. பீரோ வளைவு வந்தது. வரட்டும். என்னவாக இருந்தாலும் தன்னிடமே வரட்டும். குழந்தையை விட்டால் போதும்.

"அப்பா…"

கதவுக்கு மிக அருகில் கேட்டது.

"இழுக்காதீங்கப்பா. கை வலிக்கு."

அபிலாஷ் கதவுப் பக்கம் குரல் கொடுத்தான். "மக்களே… யாரும்மா கையப் பிடிச்சிருக்கா?"

"நீங்கதான."

அப்போதுதான் கவனித்தான். தடித்த கோட்டை ஒட்டி, நூல் மாதிரி இன்னொரு கோடு. சின்னச் சின்ன அடிகளாக.

விட்டால் அது பிள்ளையை உள்ளே கொண்டுபோகும். இழுத்தால் பிள்ளைக்கு வலிக்கும். இழுத்தான். அழுதுகொண்டே இழுத்தான். கதவுக்கு இன்னும் ஒரு சாண். அரைச் சாண்.

மவுஸ் மேஜையின் விளிம்பில் வந்து முட்டியது.

இடம் இல்லை.

இடம் இல்லாதபோது மவுஸைத் தூக்கி, முன்னால் வைத்து, மறுபடி இழுக்க வேண்டும். விளையாடுகிறவன் கை யோசித்துச் செய்வதல்ல அது. வருடக்கணக்கான பழக்கம்.

கை தானாகத் தூக்கியது.

தூக்கினால் எந்த மவுஸும் இழுப்பதை நிறுத்திவிடும்.

இரண்டு கோடுகளும் சேர்ந்து பின்னோக்கிப் பாய்ந்தன. நடை. அறை. அடுக்களை. புறவாசல் தாழ்ப்பாள் விலகும் சத்தம். திரையின் விளிம்பு.

விளிம்புக்கு அப்பால் எதுவும் இல்லை.

நடைக் கதவு தானே திறந்துகொண்டது. இருட்டு. குளிர்ந்த மழைக்காற்று. தூரத்தில், தண்ணீரில் விழும் பெரிய காலடிகள். கூடவே சின்னக் காலடிகள்.

மவுஸை அந்தரத்தில் பிடித்தபடி நின்றவன் காதில், மழைக்குள்ளிருந்து அந்தக் குரல் விழுந்தது. அழுகை இல்லை. லேசான சிணுங்கல்தான்.

"மெள்ளப் போங்கப்பா…"