இல்தூகே கானின் உத்தரவு

கிண்ணம் காலியாக இருந்தது.

ஓயுன் அதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். காலையில் அவளே ஊற்றிவைத்த ஆட்டுக்கறிச் சாறு. இந்தக் குளிரில் இந்நேரம் கொழுப்பு வெள்ளையாகப் படிந்து கல்லாய் உறைந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு இல்லை. வெள்ளி விளிம்பைச் சுற்றி, நாக்கால் வழித்தது போல ஈரத் தடம். பக்கத்துத் தட்டில் கிடந்த தொடை எலும்பு நடுவில் பிளக்கப்பட்டு, உள்ளிருந்த மஜ்ஜை சுத்தமாக உறிஞ்சப்பட்டிருந்தது.

இல்தூகே கான் இறந்து அன்றோடு ஒன்பது நாள்.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். கானின் மனைவி கெரெல் காத்தூன், வாசல் காவலர் தலைவன் பாயுதர், கானுக்குப் பதினாறு வருடமாகச் சமைத்துப் போட்ட ஓயுன். நான்காவதாக ஒரு வைத்தியர் இருந்தார். அவரைக் கான் இறந்த அன்றைக்கே கம்பளியில் சுருட்டி, மேலே குதிரைகளை ஓட்டச் சொல்லிவிட்டாள் காத்தூன். மேற்கே படையோடு போயிருந்த மகன் திரும்ப இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அதற்குள் சேதி கசிந்தால் கானின் தம்பி தொர்பேய் ஆசனத்தில் ஏறிவிடுவான். ஏறிய கையோடு இந்த மூன்று தலைகளும் உருளும்.

ஆகவே கான் உயிரோடு இருந்தாக வேண்டும். கூடாரத்து வாசலில் கறுப்புக் கம்பளி சுற்றிய ஈட்டி நட்டாயிற்று. உள்ளே நோயாளி, யாரும் வரக்கூடாது என்று அதற்கு அர்த்தம். சந்தேகம் வராமலிருக்க வேளாவேளைக்குச் சாப்பாடும் உள்ளே போனது. கூரைத் துளையில் புகை தெரிய வேண்டும், ஆனால் உள்ளே சூடு ஏறக்கூடாது. அதனால் ஓயுன் ஈர வறட்டியாகப் பார்த்துப் பொறுக்கி மூட்டினாள். கண்ணைக் கரிக்கும் புகை, பழைய கொழுப்பு வாடை, அவள் தூவிய மூலிகைத் தழையின் கசப்பு, இவை எல்லாவற்றுக்கும் அடியில் கானை மறைத்த திரைக்குப் பின்னாலிருந்து மெல்ல ஊறி வந்த அந்தத் தித்திப்பு நாற்றம். நான்காம் நாளிலிருந்து அது அவள் தலைமுடியில்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது அது இல்லை.

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். புகை. கொழுப்பு. தழை. அவ்வளவுதான். திரை அசையவில்லை. அதை விலக்கிப் பார்க்கும் துணிவு அவளுக்கு வரவில்லை. கிண்ணத்தை அங்கிக்குள் திணித்துக்கொண்டு, வாசற்படியை மிதித்துவிடாமல் தாண்டி வெளியே வந்தாள்.

பனி பொழிந்துகொண்டிருந்தது. நடுப்பகல்தான், ஆனாலும் பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை.

"பாயுதர், உள்ள யாராவது போனாங்களா?"

"யாரு போவா? ஈட்டியைத் தாண்டினா தலை போயிடும்னு இங்க நாய்க்குக்கூடத் தெரியும்."

"வச்ச சாறு இல்ல."

"நீயே குடிச்சிட்டு மறந்திருப்பே அக்கா. இந்தக் குளிருக்கு எவனுக்குத்தான் புத்தி நேரா நிக்குது." சிரித்தான். பிறகு கூடாரத்துக்கு முதுகைக் காட்டியபடியே குரலைத் தாழ்த்தினான். "விடியக்காலையில இருமல் சத்தம் கேட்டுச்சு."

"காவக்காரன் எவனாவது இருமியிருப்பான்."

"இருபது வருசமா இந்த வாசல்ல நிக்கறேன். அவரு இருமல் எனக்குத் தெரியாதா?"

ஓயுன் போய்ச் சொன்னதும் காத்தூன் எரிந்து விழுந்தாள். "எலியா இருக்கும்டி."

"எலி எலும்பைப் பொளக்குமாம்மா?"

"பொளக்கும். நான் சொல்றேன், பொளக்கும்." வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, அவள் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. மேற்கொண்டு பேச நேரமும் இல்லை. பனிக்குள்ளிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில்.

தொர்பேய் வந்துவிட்டான்.

குதிரையிலிருந்து இறங்கி, மீசையில் உறைந்த பனியை உடைத்துப் போட்டுக்கொண்டே சிரித்தான். "அண்ணி, என் ஆளுங்க பந்தயம் கட்டியிருக்கானுங்க. உள்ள இருக்கறது அண்ணனா, இல்ல புல்லடைச்ச தோலான்னு. நான் எந்தப் பக்கம் கட்டட்டும்?"

"ஈட்டி கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. ஒம்பது நாளா தெரியுது. இன்னிக்கு அண்ணனைப் பாக்காம போகமாட்டேன்."

காத்தூன் அசையவில்லை. "சரி. திரைக்கு இந்தப் பக்கம் மண்டி போடுங்க. கையைக் காட்டுவாரு. முகத்தைக் காட்டுன்னு கேட்டா, அவரு கோவம் உங்களுக்கே தெரியும்."

அவனுக்குக் கம்பளம் விரிக்கச் சொன்ன சாக்கில் ஓயுனை ஒதுக்குப்புறமாக இழுத்துக் காதில் சொன்னாள். "பின்னால போயி உக்காரு. சட்டைக் கைக்குள்ள உன் கையை விட்டு, அவரு கையைத் தூக்கி வெளிய நீட்டு. மோதிரம் தெரிஞ்சாப் போதும். ரெண்டு மூச்சு. உள்ள இழுத்துடு."

ஓயுன் திரைக்குப் பின்னால் நுழைந்தாள்.

அங்கே வெளிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீலத்திரை வழியே கசிந்த மங்கலில், ஓநாய்த்தோல் போர்த்தி அவர் உட்கார்ந்திருந்தார், இறந்தபோது எப்படி இருந்தாரோ அப்படியே, தெற்கே வாசலைப் பார்த்து. முகத்தை அவள் பார்க்கவில்லை. தாடியில் ஏதோ பளபளத்தது. பனி என்று நினைத்தாள். கொழுப்பு.

அகலமான சட்டைக் கைக்குள் தன் கையை நுழைத்தாள். ஒன்பது நாள் உறைந்த உடம்பு. மரக்கட்டை போல இருக்க வேண்டும். மூட்டு முறியுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தாள்.

மூட்டு மடங்கியது. சுலபமாக.

தோல் வெதுவெதுப்பாக இருந்தது, தாயின் மடியைவிட்டு இப்போதுதான் விலகிய ஆட்டுக்குட்டியின் வயிற்றைப் போல.

வெளியே தொர்பேய் மண்டியிடும் ஓசை. தொண்டையைச் செருமினான். அவள் கையைத் தூக்கினாள். திரைக்கு வெளியே நீட்டினாள்.

ஒரு மூச்சு.

இரண்டு.

இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

கை அப்படியே நின்றது. தானாக.

"கூடாரங்களைப் பிரிங்க."

ஆற்றின் மேல் உறைந்த பனி ஆழத்தில் விரிசல் விடுவது போன்ற குரல். அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்திலிருந்து வந்தது.

"எல்லாரும். ஒருத்தர் பாக்கியில்லாம. எங்கப்பன் படுத்திருக்கற மலைக்குப் போறோம். என்கூட வாங்க."

அந்த மலைக்குக் கான்கள் ஒரே ஒருமுறைதான் போவார்கள். கூடப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

தொர்பேயின் நெற்றி தரையில் முட்டியது. "உத்தரவு அண்ணா." வாசலில் பாயுதரின் குரல் எழுந்தது, ஒன்பது நாளுக்கு முன் அவர் கண்ணை மூடிவிட்ட அதே பாயுதர், இருபது வருடப் பழக்கத்தில், கணீரென்று. "கானின் உத்தரவு!" அடுத்த காவலன் அதை வாங்கினான். அதற்கடுத்தவன். பனிக்குள் அது கூடாரம் கூடாரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் காத்தூன் மெதுவாகக் கேட்டாள்.

"ஓயுன்... நீதானேடி பேசினே?"

கானின் கை உள்ளே திரும்பி வந்து ஓயுனின் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

இருபத்திரண்டு எருதுகளைப் பூட்டி, கானின் கூடாரத்தை அப்படியே பெரிய வண்டிமேல் ஏற்றினார்கள். கம்பளி விலகிய இடைவெளியில் உள்ளிருந்தபடியே ஓயுன் பார்த்தாள். ஆயிரக்கணக்கான ஜனம். யாரும் எதுவும் கேட்கவில்லை. முதுகில் குழந்தையைக் கட்டிய ஒருத்தி, பின்தங்கியவர்களைச் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டிக்கொண்டிருந்தாள். தொர்பேய் தன் கையாலேயே நுகத்தடியை இறுக்கினான்.

காத்தூன் பனியில் தலைவிரி கோலமாக ஓடினாள். "அவரு செத்துட்டாரு! ஒம்பது நாளாச்சு! நான்தான் மறைச்சேன், கேளுங்கடா! பாயுதர், சொல்லேன்டா!"

கேட்டார்கள். வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். கூடாரத்தின் பக்கம் திரும்பித் தலை வணங்கினார்கள். மறுபடி நுகம் பூட்டினார்கள். பாயுதர் அவளை மரியாதையாகத் தூக்கி ஒரு வண்டியில் உட்காரவைத்தான்.

வண்டிகள் வடக்கே நகர்ந்தன. முன்வரிசைக் குதிரைகள் பனியின் வெள்ளைக்குள் நுழைந்தன. குளம்புச் சத்தம் நின்றது. அலறல் இல்லை. ஒன்றும் இல்லை.

இரண்டாம் வரிசை நுழைந்தது. அதன் சத்தமும் நின்றது.

மூன்றாம் வரிசை போய்க்கொண்டிருந்தது. யாரும் கடிவாளத்தை இழுக்கவில்லை.