திரும்பப் பெறப்படாத குழந்தைகள் குறித்து

சோழர்களுக்குப் பிறகு இந்தக் கரையிலிருந்து கடலை ஆள வந்தவர் வைத்திலிங்கம் ஒருவர்தான். அவருடைய கப்பல் மட்டும் கடலுக்குப் போகாது. கடலூர் முதுநகரில் கிளம்பி, உப்பனாற்றில் ஊர்ந்து, முகத்துவாரத்தில் நுரை தெரிந்ததும் திரும்பிவிடும். அதற்கு அப்பால் போக அனுமதி கிடையாது. கிடைத்தாலும் அவருக்கு வாந்தி வரும். இரண்டு தட்டுப் படகு அது. மேலே 'ராயல் டைனிங்', கீழே ஜெனரேட்டர். பக்கவாட்டில் 'கடலரசி குடும்ப உல்லாசக் கப்பல்' என்று பொன் எழுத்து. நேற்றுவரை கல்யாண மண்டபம் நடத்திக்கொண்டிருந்தவர், தோளில் நாலு பொன்வரி தைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாராவது மாமா என்று கூப்பிட்டால் "கேப்டன்" என்று திருத்துவார். சட்டையைத் தைத்தவர் திருப்பாதிரிப்புலியூரில் பேண்டு வாத்தியக்காரர்களுக்குத் தைப்பவர்.

பெரிய கப்பல்களில் குழந்தைகளுக்குத் தனி கிளப் உண்டு என்று எங்கேயோ படித்ததும் அவரும் ஒன்று வைத்தார். ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் சிரிக்கும் மீன்களை வரையவைத்து, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் விதிகளைத் தமிழாக்கிச் சுவரில் மாட்டினார். புயல் நேரத்தில் நீச்சல் குளம் மூடப்படும் என்றது ஒரு விதி. பனிப்பாறைகள் தென்படும்போது குழந்தைகள் தளத்துக்கு வரலாகாது என்றது இன்னொன்று. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்து அலுத்துப்போன ரெபேக்காதான் கிளப்பின் பொறுப்பாளர். பெற்றோர் வந்ததும் அவள் எல்லா விதிகளையும் சத்தமாகப் படிக்க வேண்டும். முடிவில் அவர்கள் "சம்மதம்" என்பார்கள், அவளும் "சம்மதம்" என்பாள். கேப்டனுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். கல்யாண மண்டபப் பழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசியாக வந்த அம்மாளின் வலது கை சரியாக இல்லை. உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளித் தொங்கியது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மட்டும் சேர்ந்து விறைத்திருந்தன. கதவுப்படியில் நின்று கீழே பார்த்து, "காலத் தூக்கி வை" என்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

"பேரு சுவாதி. ஏழு வயசு ஆவுது. கூச்சம் ஜாஸ்தி."

ரெபேக்கா அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. அறைக்கு வெளியே அந்த அம்மாளின் கணவர் நின்றிருந்தார். சிதம்பரத்தில் வெள்ளிப் பாத்திரக் கடை வைத்திருக்கும் காசிநாதன். கண்ணாலேயே ரெபேக்காவைத் தனியாக அழைத்தார்.

"போன வருஷம் ஜுரத்துல போயிட்டாம்மா பொண்ணு. தனம் இன்னும் அதுலேர்ந்து வெளிய வரல. எதுத்துப் பேச வேணாம்னு டாக்டரு சொல்லியிருக்காரு. சித்த அனுசரிச்சிக்க."

ரெபேக்கா, விதி வாசிப்பைக் கேட்க வந்து நின்ற கேப்டனைப் பார்த்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்தார். "மூணு டிக்கெட்டு எடுத்துருக்காங்க. டிக்கெட்டு எடுத்தா பாசஞ்சர். நீ ரூல்ஸப் படி."

படித்தாள். நீச்சல் குளம், பனிப்பாறை எல்லாவற்றையும் தனம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டாள். கடைசி விதிக்கு மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

"அத இன்னொரு வாட்டி படிம்மா."

"திரும்பப் பெறப்படாத குழந்தைகள், பெறப்படும் வரையில், பொறுப்பாளரின் முழுப் பொறுப்பில் இருப்பார்கள்."

"பொறுப்பாளர்னா நீதான?"

"ஆமா மேடம்."

"பேரு?"

"ரெபேக்கா."

தனம் குனிந்தாள். "கேட்டுக்கினியா? ரெபேக்கா மிஸ்ஸு." பிறகு நிமிர்ந்து, "சம்மதம்" என்றாள்.

ரெபேக்காவும் சொன்னாள். அழுதுகொண்டிருக்கிற ஒருத்திக்கு டம்ளரில் தண்ணீர் கொடுப்பது போலத்தான் சொன்னாள்.

விட்டுப்போகிறவருக்கும் குழந்தைக்கும் ஒரே நிறத்தில் காகிதப் பட்டை கட்டுவது வழக்கம். ஒன்றைத் தனம் தன் கையில் ஒட்டிக்கொண்டாள். மற்றதைச் சின்ன வளையமாக ஒட்டி மேசைமேல் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு விரல்களையும், ஏதோ பிசினிலிருந்து எடுப்பதுபோல, ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் மாடியேறினாள்.

படகு கிளம்பியது. ஜெனரேட்டரின் அதிர்வு தரைவழியாகக் கணுக்காலில் ஏற, வட்டக் கண்ணாடிக்கு வெளியே சேற்றுத் தண்ணீர் பலகையை நக்கி நக்கிச் சத்தமெழுப்ப, வெயிலில் இளகிய கிரேயான் மெழுகின் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து அறையை அடைக்க, அதற்கு நடுவே இன்னொரு வாசனையும் இருப்பதை ரெபேக்கா மெதுவாக உணர்ந்தாள். தேங்காய் எண்ணெயும் ஜுரக்காரர்களின் போர்வையும் சேர்ந்த வாசனை. அந்த அம்மாளின் புடவையிலிருந்து வந்து தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் ஐந்து பேர். நிகழ்ச்சி நிரலில் முதலில் கடற்கொள்ளையர் தொப்பி, அடுத்து நாற்காலி ஆட்டம். செய்தித்தாளில் தொப்பி மடித்துக் கொடுத்துவிட்டு, நான்கு நாற்காலிகளைப் போட்டாள். அஜய் என்ற பையன் ஐந்தாவதை இழுத்துக்கொண்டு வந்தான்.

"அஞ்சு பேருக்கு நாலு சேருதான்டா."

"ஆறு பேரு மிஸ்."

சரி, விளையாட்டுதானே என்று விட்டாள். கைப்பேசியில் பாட்டைப் போட்டாள். காகிதத் தொப்பிகள் சுற்றின. பாட்டை நிறுத்தினாள். நான்கு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நீல நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் அஜய் நின்றுகொண்டிருந்தான், உதடு பிதுங்க.

"சேர் காலியாத்தான இருக்கு, உக்காருடா."

அஜய் நாற்காலியைப் பார்த்தான். பிறகு அவளை.

"அவ மேல எப்படி மிஸ் உக்கார்றது?"

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு பெரியவளைக் கேலி செய்தால் ஒன்றாவது சிரித்துவிடும். ஆட்டத்தை நிறுத்தலாம் என்று வாயெடுத்தாள். அவர்கள் அதற்குள் ஒரு நாற்காலியை அகற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். பாட்டு. நிறுத்தம். பாட்டு. நிறுத்தம். முடிவில் ஒரே நாற்காலி மிஞ்சியது. காலியாக. தோற்ற பிள்ளைகள் சுற்றி நின்று அதற்குக் கைதட்டினார்கள். பொன் காகிதம் சுற்றிய சாக்லேட்தான் பரிசு. அதை இருக்கையில் வைக்கும்போது ரெபேக்காவின் விரல் பிளாஸ்டிக்கில் பட்டது. சூடாக இருந்தது. மனிதர்கள் எழுந்துபோன சூடு. எழுந்துபோகாத சூடாகவும் இருக்கலாம்.

படகு கரை சேர்ந்ததும் பெற்றோர் வந்தார்கள். பட்டை பார்த்து, பிள்ளையைக் கொடுத்து அனுப்பினாள். அறை காலியாயிற்று. தனம் வரவில்லை.

ரெபேக்கா மேலே ஓடினாள். இறங்கு பலகையில் தனம் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் வீசி நடந்தாள். கரையில் கால் வைத்ததும் காகிதப் பட்டையைக் கிழித்து ஆற்றில் போட்டாள்.

"மேடம், கொழந்த" என்றாள் ரெபேக்கா. தன் வாயிலிருந்து அது வந்ததே என்று கூசியது.

தனம் ஒரு தடவை திரும்பினாள். தலைச்சுமையை இறக்கி வைத்தவளின் முகம். உடனே வேகமாக நடந்தாள். பிறகு ஓடினாள். காசிநாதன் அவள் பின்னால் போனபடியே ரெபேக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். "ரொம்ப நன்றிம்மா. நல்லாப் பாத்துக்கின."

கேப்டன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். "கஸ்டமர் சிரிச்சிக்கினு போறாங்க பாத்தியா. அதான் சர்வீசு."

அறையைப் பூட்டக் கீழே போனாள். மேசைமேல் வளையம் இல்லை. நாற்காலியில் சாக்லேட் இல்லை. பொன் காகிதம் மட்டும் நன்றாக நீவி, நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் வேலை. விளக்கை அணைத்தாள். கதவை இழுத்தாள்.

அவளுடைய வலது கையின் இரண்டு விரல்களை ஏதோ பிடித்தது.

வேர்த்த, சின்ன, சூடான பிடி.

ரெபேக்கா கத்தவில்லை. கத்தினால் அது அழும் என்று ஏனோ தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஆரோக்கிய ராணி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏன்டி, கைய ஏன் இப்டித் தொங்க வுட்டுக்கினு வர்ற? சுளுக்கா? கப்பல்ல ஆபிசருன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நொண்டிக் கையோட நின்னா எவன் வந்து கட்டுவான்?"

"ஒண்ணுமில்லம்மா."

அந்த வாரம் முழுவதும் அந்த விரல்கள் காயவில்லை. சோறு பிசையும்போது மட்டும் அந்தப் பிடி விடும். தட்டின் ஓரத்தில் சோறு குறையும். கரண்ட் போனால் பிடி இறுகும், நகம் பதியும்வரை. தைலம் தேய்த்தாள். மாதா படத்தின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றவள், இது பாவமா, யாருடைய பாவம் என்று தெரியாமல் தன் முறை வருமுன் விலகி வந்துவிட்டாள். செய்ய ஒன்றுதான் இருந்தது. பிள்ளையைப் பெற்றவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விதிப்படி அது அவளுடையது.

சனிக்கிழமை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள்.

காசிநாதனின் கடைப் பையன் வீட்டைக் காட்டினான். நல்ல பகல். தெருவில் யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள். தனம்தான் கதவைத் திறந்தாள். தலைக்குச் சாயம் போட்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கண் ரெபேக்காவின் முகத்துக்கு வரவேயில்லை. நேராகக் கைக்குப் போயிற்று.

கதவுக்கு முன்னாலிருந்த இரும்பு கேட்டைத் திறக்காமல் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய குரலில் கேட்டாள். "சாப்புடுறாளா?"

"அக்கா, கூட்டிக்கிங்க. என்னால முடியல. உங்க புள்ள."

"நான் எந்தக் கொழந்தையையும் கொண்டாந்து வுடலியேம்மா. அவரக் கேளு. உங்க கேப்டனக் கேளு. எவங்கிட்ட வேணாலும் கேளு."

அது உண்மைதான். பெரியவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க பெத்தவங்க."

"பெத்தவதான்." தனம் கம்பியை விடவில்லை. "ஒரு வருஷம் தூக்கிச் சொமந்தேன். தூங்க வுடல. அவரு தொட்டா அழுவா. அடுத்தது ஒண்ணு பெத்துக்கலாம்னா அதுக்கும் வுடல. எனக்கு நாப்பது ஆவப் போவுதும்மா." மறுபடி அந்தக் கையைப் பார்த்தாள். "மோர் ஊத்துனா சளி புடிக்கும். இருட்டுன்னா பயம். ஒரு சின்ன லைட்டு போட்டு வையி. திட்டாத. திட்டுனா மூச்சப் புடிச்சிக்குவா."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பின்னால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஒருத்தி அழும் சத்தம்.

ரெபேக்காவின் விரல்களில் பிடி இல்லை.

சோற்றுநேரம் தவிர்த்தால் இதுதான் முதல் தடவை. காற்றுப் பட்டுச் சில்லிட்டது. விடுதலை என்று அவள் நினைக்கத் தொடங்கும்போது கதவின் அடிப்பாகம் அதிர்ந்தது. இடுப்பு உயரத்துக்கும் கீழே. உள்ளங்கையால் தட்டும் சத்தம். தட்டியது. நின்றது. மறுபடி. உள்ளே அழுகையும் நின்றுவிட்டது. மூச்சுக்கூட விடாமல் ஒருத்தி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தட்டல் சிறுத்தது. பிறகு தேய்க்கும் ஒலி மட்டும். நகத்தால்.

போய்விடலாம். இப்போதே. பஸ் நிலையம் பக்கம்தான்.

தெருமுனைவரை போனாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

கேட்டருகே உட்கார்ந்து கையை நீட்டினாள். "வா. போவலாம்" என்றாள். அதனிடம் அவள் பேசிய முதல் சொல் அது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு விரல்களில் ஈரம். இந்த முறை இரண்டு விரல்களை மட்டும் பிடிக்கவில்லை. முழுக் கையையும் பிடித்தது.

கடலூர் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோர இருக்கையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். பு.முட்லூர் தாண்டியதும் உப்புக்காற்று அடித்தது. எண்ணெய் வைத்த மெல்லிய முடி ஒன்று பறந்து வந்து அவள் உதட்டில் ஒட்டியது. ரெபேக்கா பின்னல் போட்டிருந்தாள், அவளுடைய முடி பறக்காது. முடியை எடுத்தாள். நீளமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இப்போது தெரிந்துவிடும்.

கண்டக்டர் வந்தான். "கடலூர் ஒண்ணு" என்று காசை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவளைத் தாண்டிக் குனிந்து ஜன்னலோரத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"கைய வெளிய நீட்டக் கூடாது பாப்பா. லாரி வரும்." பிறகு ரெபேக்காவிடம், "உங்க பொண்ணாம்மா? எத்தன வயசு? அஞ்சுக்கு மேலன்னா அர டிக்கெட்டு எடுக்கணும்."

பக்கத்தில் யாரோ வளையல் குலுங்கக் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"நாலுதான் ஆவுது" என்றாள் ரெபேக்கா.

"நாலா? வளத்தியான புள்ள." அவன் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டான்.

சுவாதிக்கு ஏழு வயது. அரை டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க, எல்லா அம்மாக்களையும் போல, ரெபேக்கா பொய் சொல்லியிருந்தாள்.